சாலை வரை வந்த முகம்

அத்தியாயம் 7

கேலேரா பிறந்ததிலிருந்து அவளுடைய அப்பா வைசாலே சட்டையை ஒழுங்காகப் போட்டு யாரும் பார்த்ததில்லை. இன்றும் தையல் வெளியே தெரியத்தான் மாட்டியிருந்தான். நௌசோரி நகர மருத்துவமனையில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட நர்ஸம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா எடை போட்டிருக்கு. அப்பாதான் இளைச்சுட்டாரு" என்றாள்.

விலிமைனா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

கேலேராவின் குணம் அப்படி. தரையில் கிடத்தினால் அழுகை. தோளில் போட்டுக்கொண்டு நின்றால் அழுகை. நடந்தால் சும்மா இருப்பாள். நடை நின்றால் ஊரைக் கூட்டுவாள். வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற வைசாலே பகலெல்லாம் ஏணியில் நின்றுவிட்டு வந்து, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டே இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் அவன் ரக்பி ஆட்டத்துக்குத் தயாராகிறான் என்றே நினைத்துவிட்டார்.

ஆனால் விலிமைனாவுக்குத் தூக்கக் கலக்கம் மட்டும் இல்லை. போன வாரம் நாம் அவளை விட்ட இடத்தில் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், இல்லையா? இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். நாசிங்கா கிராமத்தில் அவளுடைய அப்பா அபெனிசா சீமைப்பலா பறிக்க மரம் ஏறி, விழுந்து, காலை உடைத்துக்கொண்டார். அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அப்பா. ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். முடியாது.

ஏன் முடியாது? கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. தூக்கிக்கொண்டும் போக முடியாது. முதல் பிள்ளையின் முகத்தை அம்மா பிறந்த ஊருக்கு அப்பா வீட்டார்தான் முறையாகக் கொண்டுபோக வேண்டும். பாய்களும் திமிங்கலப் பல்லும் சீராக முன்னால் போகும், பிள்ளை பின்னால் போகும். அது நடக்கும்வரை பிள்ளை அந்த ஊருக்குள் வரக்கூடாது. வைசாலேயை வளர்த்த அகோசிதா அத்தையோ லாவ் தீவில் உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டுப் பிள்ளை நாலு பாயோட போகாது. தீவே சேர்ந்து பின்னிக்கிட்டு இருக்கு. கிறிஸ்துமஸுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் அரை வருஷம் இருந்தது.

அபெனிசா அதற்கு மேல். ஊரின் சார்பில் சபையில் பேசுகிறவர் அவர்தான். எத்தனையோ பேரை முறை தவறிவிட்டது என்று வாசலிலேயே நிறுத்தியவர். பேத்தியைப் போனில் காட்டியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"முகம் முறையா வரட்டும்மா. திருட்டுத்தனமா பாத்தா அது பார்வையா?"

பாவம், மூடிய கண்ணோடே குழந்தையின் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுதான் இன்றைய நிலவரம். இனி பேருந்துக்கு வருவோம்.

நௌசோரி நிலையத்தில் இனோகேயின் பேருந்து நின்றிருந்தது. இனோகே விலிமைனாவின் ஊர்க்காரன். தினமும் இவர்கள் வீட்டுப் பக்கம் போகிற டவுன் பேருந்தை ஓட்டுகிறவன். பலகையை யார் பார்த்தார்கள்? இனோகே இருக்கிறான், அது நம் பேருந்து, அவ்வளவுதான். ஏறினார்கள். பக்கத்துச் சீட்டில் ராஜ்குமாரி போர்வை மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஆற்றோர ஊர்களிலெல்லாம் வீடு வீடாகப் போர்வையும் தலையணை உறையும் விற்கிறவள். வாயும் போனும் ஓயாத மனுஷி.

"ஐயோ, என்ன அழகு! யாரு சாயல் இது? உன் சாயல் இல்ல தம்பி, நல்ல வேளை."

பேருந்து கிளம்பி ஒரு குலுக்கல் குலுக்கியதும் கேலேரா கண்ணை மூடினாள். அவள் மூடியதும் விலிமைனா மூடினாள். விலிமைனாவின் தலை தோளில் விழுந்ததும் வைசாலேயின் தலையும் தொங்கிவிட்டது.

அன்றைக்கு வேறொரு ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்று இனோகேயை மலைச் சாலைக்கு மாற்றியிருந்தார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. இனோகேக்கோ கண்ணாடியில் இவர்களைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆகா, ஒருவழியாக முகம் கொண்டுபோகிறார்கள்! பாய்களெல்லாம் பின்னால் லாரியில் வருகிறது போல. அசந்து தூங்குகிறார்களே, தூங்கட்டும். குழியில் இறங்காமல் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஏறுகிறவர்களிடமெல்லாம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். கத்திப் பேசிய ஒரு பெரியவரை ராஜ்குமாரி முறைத்த முறைப்பில் அவர் தன் ஊர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

வழியில் கொரோவோ ஊர் வந்தது. பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. அதிசயமாகக் கேலேரா சிணுங்கவில்லை. மூன்று பேரும் கண்ணை மூடியபடியே இருந்தார்கள். இனோகே கீழே இறங்கி, தேங்காய்ப்பால் பன் ஒன்றைக் கடித்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டான்.

"அபெனிசா பெரியப்பாகிட்டச் சொல்லுங்க, பிள்ளை வருது!"

நாசிங்கா நிறுத்தத்தில் பேருந்து நின்றதும் கேலேரா கண்ணைத் திறந்தாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

விலிமைனா நிமிர்ந்து பார்த்தாள். சாலையோரச் சாக்கடை, அதன்மேல் சின்னப் பாலம், பாலத்துக்கு அப்பால் அவள் பிறந்த ஊர். அங்கே மொத்த ஊரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு நின்றிருந்தது. தலையில் பூ, கழுத்தில் மாலை. நடுவில் வெள்ளைச் சட்டையும் சாம்பல் நிற சூலு வேட்டியுமாக அவள் அப்பா. மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மண் தள்ளுகிற ஒற்றைச் சக்கர வண்டியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், வந்தாச்சு!" என்றான் இனோகே பெருமையாக. "லாரி எங்க?"

"எந்த லாரி?" என்றான் வைசாலே.

"பாய் வர்ற லாரி."

"பாயா? நாங்க ஊசி போட வந்தோம்டா!"

இனோகேயின் முகத்தில் ஈயாடவில்லை. ஊரே பேருந்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் பாய் வரவில்லை. பல் வரவில்லை. தையல் வெளியே தெரியும் சட்டையோடு, தோளில் பால் கறையோடு, மருமகன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் கதறும் பிள்ளையோடு மகள்.

அபெனிசாவுக்கோ 'ஊசி போட வந்தோம்' என்ற சத்தத்திலேயே புரிந்துவிட்டது. மருமகன் வாசலுக்கு வருமுன்பே கையால் கண்ணைப் பொத்திக்கொண்டவர், இப்போது ஒரு சத்தம் போட்டார்.

"திரும்புங்க! யாரும் முகத்தைப் பாக்காதீங்க! திரும்புங்க எல்லாரும்!"

ஊர் திரும்பியது. பெரியவர், சிறியவர், மாலை போட்டவர், போடாதவர், அத்தனை பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். நானும் எத்தனையோ வரவேற்பைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பேருந்துக்குள் யாரோ பக்கென்று சிரித்தார்கள். ராஜ்குமாரி அவசரமாக மூட்டையை அவிழ்த்தாள்.

"பாய்தானே இல்ல? இந்தா தம்பி, பூப்போட்ட போர்வை! பத்துப் போர்வை தர்றேன், விரிச்சுக் குடு. துணி துணிதானே?"

"யாரது, குமாரியா?" கண்ணைப் பொத்தியபடியே அபெனிசா கேட்டார். "போன தடவை நீ வித்த போர்வை ஒரு துவையல்ல வெளுத்துப் போச்சு. அதை வச்சா என் பேத்தியைக் கொண்டாருவீங்க?"

முதுகுகள் எல்லாம் குலுங்கின.

விலிமைனா இறங்கினாள். பிள்ளையின் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம், சாலையிலேயே நின்றாள். இன்னும் சில எட்டு வைத்தால் அப்பா. அந்தச் சில எட்டை வைக்க முடியவில்லை.

"அப்பா… கால் எப்படிப்பா இருக்கு?"

"கால் கிடக்கட்டும். நீ சாப்பிடறியா? குரல் ஏன் இப்படி இருக்கு?"

அவ்வளவுதான். விலிமைனாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. பிள்ளை அழ, தாயும் அழுதாள். முதுகைக் காட்டி நின்ற பெண்கள் முந்தி முந்தி மூக்கை உறிஞ்சினார்கள். அபெனிசா மட்டும் கையைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

வைசாலே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் மருமகன் மாமனாரிடம் நேருக்கு நேராகப் பேசுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இடையே போன பேச்சு ஒரு கை விரல்களில் அடங்கிவிடும். அவன் தார்ச்சாலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கையைக் குழித்து மரியாதைக்குத் தட்டினான். மாமனாருக்கு நேராக முகத்தை வைத்துக்கொள்ளாமல் இனோகேயைப் பார்த்தான்.

"இனோகே, மாமாகிட்டச் சொல்லு. பாய் வரும், பல் வரும், அத்தை வருவாங்க. முறை ஒண்ணும் குறையாது."

"பெரியப்பா, பாய் வருமாம், பல் வருமாம்…"

"எனக்குக் கால்தான் உடைஞ்சிருக்கு. காது நல்லாத்தான் கேக்குது. மேல சொல்லச் சொல்லு."

வைசாலே சபையில் பேசிப் பழகாதவன். தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னான்.

"அவர் விழுந்த நாள்லேர்ந்து விலிமைனா ஒழுங்கா சாப்பிடறதில்ல. பிள்ளை அழுதா நான் பிள்ளையைத் தூக்கிட்டு நடக்கறேன். இவ அழுதா நான் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. இன்னிக்கு நடந்தது தப்புத்தான். எங்களைத் திட்டட்டும். ஆனா மகளைக் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்கார வச்சுத் திட்டட்டும். அவ்வளவுதான்."

இனோகே அதைத் திருப்பிச் சொல்லாமல் பெரியப்பாவைப் பார்த்தான்.

ஊர் முழுக்க அபெனிசாவின் வாயைப் பார்க்க ஆசைப்பட்டு, பார்க்க முடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது. இந்த மனிதர் ஒரு முறை முடியாது என்றால் அப்புறம் பேச்சே கிடையாது.

அபெனிசா கண்ணைப் பொத்திய கையை எடுத்தார். இமைகள் இறுக மூடியிருந்தன.

"இனோகே, அந்தச் சாலை யாரோடது?"

"அரசாங்கத்தோடது பெரியப்பா."

"அப்ப பிள்ளை இன்னும் ஊருக்குள்ள வரல."

"வரல."

"முறை எதுக்கு? முகம் பாக்கறதுக்கு. தூக்கக் கூடாதுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

"சொல்லல பெரியப்பா!"

"அப்புறம் என்ன மரம் மாதிரி நிக்கற? தள்ளுடா வண்டியை!"

இனோகே ஓடிப்போய்க் கைப்பிடிகளைத் தூக்கினான். வண்டி தடதடவென்று பாலத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. விலிமைனா ரோட்டிலேயே மண்டியிட்டு அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, மறு கையை நீட்டினார்.

"எங்க அவ?"

கதறிக்கொண்டிருந்த கேலேராவை அவர் மடியில் வைத்தார்கள். கனத்த விரல்கள் மெல்ல அந்த முகத்தைத் தேடின. நெற்றி. புருவம். மூக்கில் வந்து நின்றன.

"மூக்கு நம்ம பக்கம்," என்றார் திருப்தியாக. விரல் காதுக்குப் போனது. "காது லாவ் தீவு. சரி, ஒண்ணும் பண்ண முடியாது."

தரையில் உட்கார்ந்திருந்த வைசாலே முதல் தடவையாக மாமனார் முன்னால் சத்தமாகச் சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் வாயைப் பொத்தினான்.

பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. "தள்ளணும்பா," என்றாள் விலிமைனா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓடிக்கிட்டே இருக்கணும் இவளுக்கு."

"அப்ப ஓட்டு," என்றார் அபெனிசா.

இனோகே தன் பேருந்தை நிறுத்திவிட்டு ஒற்றைச் சக்கர வண்டியை ஓட்டினான். சாலையில் கொஞ்ச தூரம் போவான், திரும்புவான், வருவான். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முனகிப் பாடினார். மூன்றாவது நடையில் கேலேராவின் சத்தம் அடங்கியது. பயணிகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள், ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. ராஜ்குமாரி போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஊர்ப் பெண்கள் பின்பக்கமாகவே நடந்து வந்து, கையைப் பின்னால் நீட்டி, பொட்டலம் பொட்டலமாகச் சேம்புக் கிழங்கும் மீனும் விலிமைனாவிடம் கொடுத்தார்கள்.

எதிர்த்திசையில் நௌசோரிப் பேருந்து வந்தபோது அபெனிசா பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். மூடிய இமைகளின் ஓரத்தில் ஈரம்.

"இனோகே, மருமகப்பிள்ளைகிட்டச் சொல்லு. பேச்சு நல்லா இருந்துச்சு. சட்டையத்தான் திருப்பிப் போடணும்."

வைசாலே குனிந்து சட்டையைப் பார்த்தான். காலையிலிருந்து யாருமே அவனிடம் இதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்த மனிதருக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. தூக்கக் கலக்கம்.

திரும்பும் பேருந்தில் கேலேரா சமர்த்தாகத் தூங்கினாள். விலிமைனா இரண்டு கிழங்கைத் தோலுரித்துச் சாப்பிட்டு, மூன்றாவதை எடுத்தாள். அவள் சாப்பிடுவதைப் பார்ப்பதே வைசாலேக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

"ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது," என்றாள்.

"சொல்லு."

"நான் போகும்போது கொரோவோவிலேயே முழிச்சுட்டேன். இது நம்ம வண்டி இல்லைன்னு தெரிஞ்சுது. ஊர் நிறுத்தத்தை ஜன்னல் வழியாவாவது பாத்துட்டு வந்துரலாம்னு… கண்ணை மூடிக்கிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீ தூங்கினா வாயத் திறந்துக்கிட்டுத் தூங்குவ. கொரோவோவுக்கு அப்புறம் வாய் மூடியிருந்துச்சு."

விலிமைனா கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தாள். "அப்ப நீ?"

"நானும் முழிச்சுத்தான் இருந்தேன்."

"அடப்பாவி! ஏன் எழுப்பல?"

"எழுப்பியிருந்தா இறங்கியிருப்போமே."

அவள் கையிலிருந்த கிழங்கில் பாதியைப் பிய்த்து அவன் வாயில் திணித்தாள். அவர்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது என்று நினைக்கிறேன்.

கொரோவோ நெருங்கியதும், மலைச் சாலையில் அறுந்துபோன சிக்னல் திரும்ப வந்தது. சிக்னல் வந்ததும் போன் அலறியது. அகோசிதா அத்தை.

வைசாலே கிழங்கை அவசரமாக விழுங்கினான். "அத்தை…"

"படம் பாத்தேன்." அத்தையின் குரல் கடல் தாண்டி வந்தும் சூடு குறையவில்லை. "எவளோ குமாரியாம். பேஸ்புக்ல போட்டிருக்கா. தீவு மொத்தமும் பாத்தாச்சு. பாய் பின்னிக்கிட்டு இருந்தவளுகள்லாம் பாயை அப்படியே போட்டுட்டுப் பாக்கறாளுக."

"அத்தை, ஊருக்குள்ள போகல. சாலையிலதான். மாமா கண்ணை மூடிக்கிட்டுத்தான் தூக்கினாரு. முகத்தைப் பாக்கவே இல்ல. சத்தியமா."

"அப்படியா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அந்தக் கடைசிப் படத்தை எடு. பெருசாக்கு. உன் மாமனார் இடது கண்ணைப் பாரு."

விலிமைனா தன் போனில் படத்தை எடுத்தாள். ஒற்றைச் சக்கர வண்டி. மடியில் பிள்ளை. ஊர் மொத்தமும் முதுகைக் காட்டி நிற்கிறது. அவள் இரண்டு விரலால் விரித்தாள். அப்பாவின் முகம் பெரிதாகியது. இன்னும் விரித்தாள்.

வலது கண் இறுக மூடியிருந்தது. இடது கண் அப்படியில்லை. இமைக்குக் கீழே மெல்லிய கீற்றாய் ஒரு திறப்பு. எத்தனையோ பேரை வாசலில் நிறுத்திய அந்தக் கண் நேராகக் கேலேராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டாரு," என்றாள் விலிமைனா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் கொட்டியது. "வைசாலே, அப்பா அவளைப் பாத்துட்டாரு!"

"அங்க என்ன சிரிப்பு?" போனிலிருந்து அத்தை அதட்டினாள். "வியாழக்கிழமை கப்பல்ல ஏறறேன். துறைமுகத்துக்கு லாரியோட வா."

இணைப்பு அறுந்தது.

"பாயோட வர்றாங்களா, சண்டையோட வர்றாங்களா?" என்று கேட்டாள் விலிமைனா.

"லாரி கேக்கறாங்களே," என்றான் வைசாலே. "ரெண்டையும் ஏத்திட்டுத்தான் வருவாங்க."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தூங்கும் மகளின் முகத்துக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திறந்த கண்ணை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.